பதிவு முகவரி: கடிதத்தைத் திறப்பவர் யார்?



பிரிட்டனில் ஒரு நிறுவனம் தொடங்கலாமா என்று நம்மிடையே சிலர் எண்ணிப் பார்க்கிறார்கள். விற்கும் சரக்கு மசாலைத் தூளாக இருக்கலாம், துணிமணியாக இருக்கலாம், கணினி மென்பொருளாகவும் இருக்கலாம். அங்கேயே பதிவு பெற்ற நிறுவனம் என்றால் அந்நாட்டு வாடிக்கையாளர் தயங்காமல் வாங்குவார் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு தவறன்று. நிறுவனத்தின் இயக்குநர் பிரிட்டனில் குடியிருக்க வேண்டும் என்ற விதி அங்கே இல்லை. கிள்ளானிலோ உட்லண்ட்சிலோ இருந்துகொண்டே பதிவு செய்துவிடலாம். 2025 நவம்பர் 18 முதல் புதிய இயக்குநர்கள் தங்கள் அடையாளத்தை மெய்ப்பித்துக் காட்ட வேண்டும். அதையும் இங்கிருந்தே செய்துகொள்ளலாம்.

ஆனால், விண்ணப்பத்தில் ஓர் இடம் மட்டும் அந்த நாட்டு மண்ணைக் கேட்கிறது. அதுதான் பதிவு அலுவலகத்தின் முகவரி. நம்மில் பலர் பெயரைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் எடுத்துக்கொள்கிறோம். சோதிடரிடம்கூடப் போய் வருகிறோம். முகவரிக்கோ ஐந்து நிமிடம் போதும் என்று நினைக்கிறோம். இன்று அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

பதிவு அலுவலகம் என்றால் கடை நடத்தும் இடம் என்று பொருளல்ல. கிடங்கு ஓர் ஊரில் இருக்கலாம், கடை வேறோர் ஊரில் இருக்கலாம். நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய தகவல்களும் அறிவிப்புகளும் வந்து சேரும் இடம் என்பதே அதன் பொருள். 1862-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நிறுவனச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. நம் மலேசிய, சிங்கப்பூர் நிறுவனச் சட்டங்களும் அந்த வழியில் வந்தவையே. ஆகவே இந்தக் கருத்து நமக்குப் புதிதன்று. சிங்கப்பூரில் பதிவு அலுவலகம் ஒவ்வொரு வேலை நாளிலும் குறைந்தது 3 மணி நேரம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதை நேயர்களில் பலர் அறிந்திருப்பீர்கள்.

கடிதம் வந்து சேரும் இடம்தானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. அந்த முகவரிக்கு முறைப்படி அனுப்பப்பட்ட கடிதம் நிறுவனத்தின் கைக்கே வந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. நாம் படித்தோமா, படிக்கவில்லையா என்று அது விசாரித்துக்கொண்டிருப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கிள்ளான் வணிகர் ஒருவர் லண்டன் ஈஸ்ட்ஹாமில் வாடகைக்கு இருக்கும் தம் அக்காள் மகனின் முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “மாமா, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறான் பையன். நல்ல பையன்தான். முதல் ஆறு மாதம் கடிதங்களைப் படமெடுத்து அனுப்புகிறான். வருமான வரித்துறை நிறுவனத்துக்கு அளிக்கும் வரி எண் அந்த முகவரிக்குத்தான் வருகிறது. பதிவகத்தின் ஆவணங்களை இணையத்தில் தாக்கல் செய்யத் தேவையான இரகசியக் குறியீடும் அங்கேதான் வருகிறது. எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. பிறகு பையனுக்குத் திருமணமாகி வேறு வட்டாரத்துக்குக் குடிபோகிறான். மாமாவிடம் வீடு மாறியதைச் சொல்கிறான். மாமாவும் வாழ்த்துச் சொல்கிறார். முகவரியை மாற்ற வேண்டும் என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

அந்த வீட்டில் குடியேறிய புதியவர்கள் முன்பின் அறியாத பெயருக்கு வரும் உறைகளை மாடிப்படியின் கீழே போட்டு வைக்கிறார்கள். சரக்கில் குறை கண்ட ஒருவர் வழக்குத் தொடுக்கிறார். இங்கிலாந்து நீதிமன்ற விதிப்படி, வழக்குத் தாள் அஞ்சலில் சேர்க்கப்பட்ட பின் இரண்டாவது வேலை நாளில் அது நிறுவனத்துக்குச் சார்வு செய்யப்பட்டதாகக் கொள்ளப்படும். வழக்கின் விவரம் கிடைத்து 14 நாள்களுக்குள் பதிலோ ஒப்புகையோ தர வேண்டும். தராவிட்டால் எதிர்வாதம் கேட்காமலே தீர்ப்பு வழங்கப்படலாம். அதை நீக்கக் கோரி மனுச் செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் “உறையை நாங்கள் பார்க்கவே இல்லை” என்ற ஒரு சொல் அங்கே போதாது. வழக்கில் வெல்லத்தக்க நியாயம் நம்மிடம் இருக்கிறதென்று காட்ட வேண்டும். தாமதமின்றி வந்திருக்கவும் வேண்டும். கிள்ளானில் இருப்பவருக்குத் தீர்ப்பு வந்த செய்தியே எப்போது எட்டுமோ!

இப்படிப்பட்ட முகவரிகள் பெருகியதால்தான் பிரிட்டன் 2023-ஆம் ஆண்டில் ஒரு புதுச் சட்டம் இயற்றியது. பொருளாதாரக் குற்றங்களைத் தடுப்பதும் நிறுவனங்களின் ஒளிவுமறைவை நீக்குவதும் அதன் நோக்கம். அதன்படி, 2024 மார்ச் 4 முதல் பதிவு அலுவலகம் ‘தகுந்த முகவரி’யாக இருக்க வேண்டும். அதற்கு இரண்டு சோதனைகள் உண்டு. அங்கே நேரிலோ அஞ்சலிலோ கொடுக்கப்படும் கடிதம், வழக்கமான நடைமுறையில், நிறுவனத்தின் சார்பில் செயல்படும் ஒருவரின் பார்வைக்கு வர வேண்டும். அடுத்து, கடிதம் கொடுத்ததற்குக் கையொப்பம் போன்ற ஓர் ஒப்புகை பெறக்கூடியதாகவும் அந்த இடம் இருக்க வேண்டும். அஞ்சல் பெட்டி எண்ணை மட்டும் பதிவு அலுவலகமாகக் கொடுக்க முடியாது. பெட்டி கையொப்பமிடாது அல்லவா?

நம் கருத்தில், முதல் சோதனையே உயிரானது. அது கட்டடத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அங்கே இருக்கும் ஆளைப் பற்றிக் கேட்கிறது. லண்டன் மாநகரின் நடுவே புகழ்பெற்ற தெருவில் முகவரி வாங்கினால் மதிப்புக் கூடும் என்று சிலர் அதிகப் பணம் கொடுக்கிறார்கள். மதிப்புக் கூடலாம். ஆனால் கடிதத்தைப் பிரித்து நம்மிடம் சேர்ப்பவர் அங்கே இல்லையென்றால், பணம் கொடுத்து வாங்கியது வெறும் தெருப் பெயர்தான்.

முகவரி தகுந்ததன்று என்று தெரியவந்தால், பதிவாளர் அதை நீக்கிவிட்டு, கார்டிப் நகரிலுள்ள தம் பதிவகத்தின் முகவரியையே நிறுவனத்துக்கு வைத்துவிடலாம். அதன்பின் 28 நாள்களுக்குள் தகுந்த முகவரியைச் சான்றுடன் தர வேண்டும். தராவிட்டால் நிறுவனத்தின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் நடவடிக்கை தொடங்கலாம். நிறுவனம் கலைக்கப்பட்டுவிட்டால் அதன் வங்கிக் கணக்கில் உள்ள பணம் உட்பட சொத்துகள் அரசுக்குப் போய்ச் சேரும். மீட்க வழி உண்டு. ஆனால் செலவும் அலைச்சலும் நம்முடையவை. முகவரி இல்லாமலிருப்பது நிறுவனமும் அதன் பொறுப்பாளர்களும் செய்யும் குற்றமாகவும் கருதப்படுகிறது.

அப்படியானால் உறவினர் வீட்டைக் கொடுக்கவே கூடாதா? கொடுக்கலாம். அவர் மனமார ஒப்ப வேண்டும்; வீட்டுக்காரரின் ஒப்பந்தமும் வீட்டுக் கடன் நிபந்தனையும் அதற்கு இடம் தர வேண்டும். அந்த முகவரி உலகமே பார்க்கும் பதிவேட்டில் நிற்கும் என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடன் கேட்டு வருபவர் முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான். உரியவரைக் கேட்காமல் அவர் முகவரியைப் போட்டுவிட்டால், அவர் பதிவகத்தில் முறையிட்டு அதை நீக்கச் செய்ய முடியும்.

மற்றொரு வழி, கட்டணத்துக்கு முகவரி தரும் முகவர்கள். கணக்காளர்கள் சிலரும் இந்தச் சேவை செய்கிறார்கள். பதிவு முகவரி தரும் தொழில் பிரிட்டனில் பணமோசடித் தடுப்பு விதிகளுக்கு உட்பட்டது; அத்தொழில் செய்பவர் உரிய அமைப்பின் கண்காணிப்பில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அடையாளச் சான்று எதையும் கேட்காமல், மலிவாக, இன்றே முகவரி தருகிறோம் என்பவரிடம் சற்று விலகி நிற்பது நல்லது. வருகிற எல்லாக் கடிதங்களையும் அனுப்புவாரா, அரசாங்கக் கடிதங்களை மட்டும் அனுப்புவாரா? எத்தனை நாளில் அனுப்புவார்? நீதிமன்ற ஆள் நேரில் வந்தால் கையொப்பமிட்டு வாங்குவாரா? ஆண்டுக் கட்டணம் ஒரு நாள் தவறினால் என்ன செய்வார்? இவற்றுக்கு எழுத்தில் பதில் பெற வேண்டும்.

நிறுவனத்தின் பெயர்ப் பலகையும் பதிவு அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஓரிடத்தைப் பகிர்ந்துகொண்டால் மின்திரையில் பெயர்களை மாற்றி மாற்றிக் காட்டலாம். ஒவ்வொரு பெயரும் 3 நிமிடத்துக்கு ஒரு முறையாவது, தொடர்ந்து 15 விநாடியாவது தெரிய வேண்டும் என்று விதியே இருக்கிறது! சட்டம் எழுதியவர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியிருப்பார் போலும்.

பதிவு செய்யும் பகுதியையும் கவனிக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் பதிவான நிறுவனத்தின் முகவரி எடின்பரோவிலோ கிளாஸ்கோவிலோ, ஸ்காட்லாந்துக்குள் எங்கேனும் இருக்கலாம். லண்டனுக்குக் கொண்டுவர முடியாது. வட அயர்லாந்துக்கும் அப்படியே. 2024 மார்ச் 4 முதல் ஒரு மின்னஞ்சல் முகவரியும் பதிவு செய்ய வேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுவதில்லை. ஆனாலும் அது ஊழியர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலாக இல்லாமல் இருப்பது நல்லது. அவர் வேலையை விட்டுப் போனால் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும்.

முடிவு செய்வதற்கு முன் நம்மால் எளிதாகச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. முகவரி கிடைத்ததும் நாமே அங்கே நிறுவனத்தின் பெயருக்கு ஒரு பதிவு அஞ்சல் அனுப்பிப் பார்க்கலாம். யார் கையொப்பமிட்டார், எத்தனை நாளில் நமக்குத் தகவல் வந்தது என்று குறித்துக்கொள்ளலாம். ஒரு வாரமாகியும் தகவல் இல்லையென்றால் வேறு முகவரி தேட வேண்டியதுதான்.

பின்னாளில் முகவரியை மாற்றினால், பதிவகம் அதைப் பதிவு செய்த நாளிலிருந்துதான் மாற்றம் செல்லும். அதற்குப் பிறகும் 14 நாள்கள் வரை பழைய முகவரிக்கு வரும் அறிவிப்பு சட்டப்படி செல்லுபடியாகும். ஆகையால் பழைய முகவரிக்காரரிடம் கணக்குத் தீர்த்து விடைபெறும்போது, அந்த 14 நாள்களுக்கும் சேர்த்தே கட்டணம் கொடுத்துவிட்டு வாருங்கள்.