மதுரை வாசலில் அறைந்த தலைகள்



1160களின் பிற்பகுதி. மதுரைக் கோட்டைக்குள்ளே பராக்கிரம பாண்டியன். வெளியே முற்றுகையிட்டு நிற்பவன் குலசேகர பாண்டியன். இருவரும் ஒரே குலம். பாண்டிய அரச குடும்பத்தில் பலர் ஒரே காலத்தில் ஆளுக்கொரு பகுதியை ஆள்வது வழக்கம். அதனால் உரிமை பேச எப்போதும் நாலைந்து பேர் இருந்தார்கள். மதுரையோ ஒன்றுதான்.

பராக்கிரமன் இலங்கைக்கு ஆள் அனுப்பினான். பொலன்னறுவையில் அப்போது முதலாம் பராக்கிரமபாகு ஆட்சி. அவனுடைய தண்டநாயகன் இலங்காபுரன் புறப்படுவதற்குள் மதுரை விழுந்துவிட்டது. பராக்கிரமன் மனைவி மக்களோடு வெட்டுண்டு போனான். உதவி கேட்டவனே போய்விட்டான், படை திரும்பியிருக்கலாம். ஆனால் செத்தவன் வம்சத்தில் ஒருவனுக்கு முடிசூட்டிவிட்டு வா என்று உத்தரவு. பாம்பனுக்குப் பக்கத்தில் குந்துகால் இருக்கிறதே, அங்கே கோட்டை கட்டினார்கள். மலைநாட்டில் ஒளிந்திருந்த கடைசி மகன் வீரபாண்டியனைத் தேடிப் பிடித்து அரசனாக்கினார்கள்.

குலசேகரனுக்குத் தாய்மாமன் வழிக் கொங்குப் படை இருந்தது, திருநெல்வேலிப் படையும் இருந்தது. போதவில்லை. அவன் சோழனிடம் ஓடினான்.

இந்தச் சண்டை ஊர்களில் எப்படி உணரப்பட்டது என்பதற்குக் காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தொண்டி, பாசிப்பட்டினம் பக்கமெல்லாம் கலங்கிப்போன நேரம். சம்புவராயர் என்ற சிற்றரசர் ஞானசிவதேவர் என்ற பெரியவரிடம் போய், இதற்கு ஏதாவது செய்யவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார். ராமேசுவரம் கோயில் கதவைப் பெயர்த்து, பூசையை நிறுத்தி, பண்டாரத்தைக் கொள்ளையடித்த இலங்கைப் படையினர் சிவத்துரோகிகள் என்கிறார் ஞானசிவதேவர். 28 நாள் பூசை நடக்கிறது. பிறகு போர்முனையிலிருந்து ஓலை வருகிறது, இலங்காபுரன் படை தோற்றதென்று. ஆர்ப்பாக்கம் ஊரையே அவருக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டார் சம்புவராயர். மதுரையிலிருந்து எவ்வளவோ தொலைவில் உட்கார்ந்து பயந்த பயம் அது. மன்னர்களின் மெய்க்கீர்த்திகளைவிட இந்தக் கல்லைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

சோழர் பக்கம் படை நடத்தியவர் பெருமான் நம்பிப் பல்லவராயர். முன்பு சோழ அரசனின் பிள்ளைகள் ஒரு வயதும் இரண்டு வயதுமாக இருந்தபோது, சோழக் குலத்து மகள் வழி வந்த ராஜாதிராஜனுக்கு முடிசூட்டிச் சோழ வீட்டுச் சிக்கலைத் தீர்த்தவரும் இவரேதான். இலங்காபுரன் முதலான தளபதிகளின் தலைகளை மதுரை வாசலில் ஆணியடித்து வைத்ததாகப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்கிறது. இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சத்தைப் புரட்டினால் இந்தத் தோல்வியே காணோம். அங்கே முழுக்க வெற்றிதான்.

குலசேகரனுக்கு மதுரை கிடைத்தது. அதற்கப்புறம் அவன் செய்த காரியத்தைத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு விவரிக்கிறது. இலங்கையிலிருந்து பரிசுகள் வந்தன, கடிதங்கள் வந்தன. குலசேகரன் அந்தப் பக்கம் சாய்ந்தான். தனக்காக அறையப்பட்ட தலைகளை வாசலிலிருந்து எடுத்துவிடச் சொன்னான்! கடிதங்கள் சோழர் கையில் சிக்கின. அவனைத் துரத்திவிட்டு அவர்கள் யாரைக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? வீரபாண்டியனை. எவனை இறக்குவதற்காக அத்தனை பேர் செத்தார்களோ, அதே வீரபாண்டியனை.

அவனும் பின்னாளில் இலங்கைப் பக்கம் போனான். அவனை விரட்டிவிட்டு விக்கிரம பாண்டியன் என்பவனை உட்காரவைத்தான் அடுத்த சோழ அரசன் மூன்றாம் குலோத்துங்கன். அடுத்த தலைமுறைப் பாண்டியன் தலைதூக்கியபோது மறுபடி படையெடுத்து, மதுரையில் முடிசூட்டு மண்டபத்தை இடித்து, அந்த இடத்தில் கழுதை பூட்டி ஏர் உழவைத்தான்.

இப்படி அரை நூற்றாண்டு போனது. 1216இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சாவூரையும் உறையூரையும் கொளுத்தினான். நாட்டை விட்டு ஓடிய குலோத்துங்கன், பொன்னமராவதிக்கு வந்து பணிந்துதான் முடியைத் திரும்பப் பெற்றான். இப்போது சோழனுக்கு அரசு கொடுப்பவன் பாண்டியன்.