கடலோடியும் ஊர்ப்பற்றும்
(இராசிங்காபுரத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் படிக்கப்பெற்ற உரை)



மலைச்சாரலை அண்டி வாழும் நமக்குக் கடலோடியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். போடிநாயக்கனூரில் விலைபேசப்படும் ஏலக்காய் கடல் கடந்தும் செல்கின்றது. நம் பிள்ளைகளும் பிழைப்பின்பொருட்டு அவ்வாறே செல்கின்றனர். "போனவன் இனி நம்மவன் அல்லன்" என்று அங்கலாய்க்கும் பெற்றோர் நம்மிடையே உளர். ஆதலின், மெய்யாக நிகழ்ந்த வரலாறொன்றை எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

யாழ்ப்பாணத்து வடகரையில் வல்வெட்டித்துறை என்றோர் ஊர் உண்டு. அவ்வூரார் தம் கரையிலேயே கப்பல் கட்டி, நாகப்பட்டினத்துக்கும் பர்மாவுக்கும் பாய்விரித்தோட்டி வாணிகம் செய்தவர்கள். அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் இருபாய்மரக் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கி, 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' எனப் பெயர் மாற்றினார். அக்கப்பலிலே அவ்வூர் மாலுமிகள் ஐவர் அமெரிக்கா சென்றனர். தண்டயல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை அவர்களுள் மூத்தவர். ஏடன், சூயஸ் கால்வாய், ஜிப்ரால்டர், பெர்முடா என்னும் வழியே சென்று, 1938-ஆம் வருஷம் ஆகஸ்டு 1-ஆம் தேதி மாசாசூசெட்ஸ் மாகாணத்துக் குளோஸ்டர் துறைமுகத்தை அக்கப்பல் அடைந்தது.

விற்ற கப்பல் மீளவில்லை. மாலுமிகளோ ஊர் மீண்டனர். நீராவிக் கப்பல்களின் போட்டியால் பாய்க்கப்பல் வாணிகம் நாளடைவில் நலிந்தது. எனினும் ஐவர் பெயரையும் அவ்வூரார் இன்றும் போற்றிவருகின்றனர். அவர்கள் எக்குலத்தவராயினும், அவர்தம் வரலாறு நமக்கும் பாடமாகும்.

விடியலில் ஜீப்பேறிப் போடிமெட்டு வழியே ஏலத்தோட்டம் சென்று, மாலையில் மீள்வோரை நாம் அயலார் என்பதில்லை. பல திங்கள் கழித்து மீளும் மாலுமியை மட்டும் அவ்வாறு எண்ணுதல் நியாயமாகுமா? ஊர்ப்பற்று அவனுக்கு இல்லையென்று குறைகூறுகின்றோம். நாமோ திருவிழா நன்கொடைச் சீட்டை அனுப்பும்போதன்றி அவனை நினைப்பதில்லை. வீட்டுக் காரியங்களிலும் ஊர்க் காரியங்களிலும் அவன் கருத்தைக் கேட்பதுமில்லை. கேளாதிருந்தால், அவன் எதனைப் பற்றிக்கொண்டு மீள்வான்?

ஆகவே, வெளியூரிலும் கடல்மீதும் உழைக்கும் நம் பிள்ளைகளின் பெயரும் தொழிலும் சங்க ஏட்டில் எழுதப்பெறுதல் வேண்டும். முக்கியமான தீர்மானங்களில் அவர்கள் அபிப்பிராயமும் கேட்கப்பெறுதல் வேண்டும். விடுமுறையில் வருவோரை இம்மேடையில் ஏற்றி, தாம் கற்ற தொழிலை இளைஞர்க்கு உரைக்கச் செய்தல் வேண்டும். பிள்ளையைக் கடலுக்கு அனுப்பிய தாய்மார்க்கு இதனினும் சிறந்த ஆறுதல் வேறொன்றில்லை என்று கூறி அமைகின்றோம்.