தேடி வருபவரை நம்பலாமா? பாங்காக்கில் என் முதல் மூன்று நாள்கள்

(தொலைக்காட்சியில் ஒளியேறிய கருத்தரங்கு ஒன்றில், தனிப் பயணம் குறித்துக் கெடாவைச் சேர்ந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை.)



எனக்கு முன் பேசிய நண்பர், உலகத்தைச் சுற்றிப் பார்த்தால்தான் அறிவு வளரும் என்றார். அடுத்துப் பேசிய அம்மையார், பெண் பிள்ளைகளைத் தனியே அனுப்புவது நெருப்போடு விளையாடுவது என்றார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. நான் பல நாடுகளைச் சுற்றியவள் அல்ல. வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் முதுகில் பையை மாட்டிக்கொண்டு தனியே புறப்பட்டேன். அதுவும் 46 வயதில், பக்கத்து நாடான தாய்லாந்துக்கு. மொத்தம் ஐந்து நாள். அதில் முதல் மூன்று நாள்களைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

ஏன் போனேன்? காரணம் என் மகள்தான். 2023ஆம் ஆண்டில் அவள் எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது, "அடுத்த வருஷம் சபாவுல இருக்கிற பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் போறேன்மா" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கடல் தாண்டிப் போய், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில் தனியாக என்ன செய்வாய் என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "அம்மா, நீங்க ஒரு நாளாவது தனியா எங்கேயாவது போயிருக்கீங்களா? போகாமலேயே பயம்னு எப்படிச் சொல்றீங்க?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. பிறந்த வீட்டில் அப்பா, அண்ணன். புகுந்த வீட்டில் கணவர். ஈப்போவுக்குப் போனாலும் யாராவது உடன் வருவார்கள். பள்ளி விடுமுறை வந்ததும், நானே போய்ப் பார்த்துவிட்டு வந்து உனக்குப் பதில் சொல்கிறேன் என்று கிளம்பினேன். என் கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே தமது பழைய முதுகுப்பையைத் தூசி தட்டிக் கொடுத்தார்.

முதல் நாள்: அழுகை

சுங்கைப் பட்டாணியிலிருந்து கொமுட்டர் ரயிலில் பாடாங் பெசார். அதே நிலையத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளையும் முடித்துக்கொண்டு தாய்லாந்தின் இரவு ரயிலில் ஏறலாம். மாலையில் ஏறினால் மறுநாள் காலை பாங்காக். பணியாளர் வந்து இருக்கையைக் கட்டிலாக்கி, வெள்ளை விரிப்பு விரித்துத் தருகிறார். இவ்வளவு சுலபமா என்று நினைத்துத் தூங்கிப்போனேன்.

சுலபம் ரயிலோடு முடிந்தது. நெடுந்தூர ரயில்கள் பலவும் 2023 ஜனவரி முதல் பழைய ஹுவா லம்போங் நிலையத்துக்குப் பதிலாக குருங் தெப் அபிவாட் என்ற புதிய நிலையத்துக்கு வருகின்றன. விமான நிலையம் போல் பிரம்மாண்டம். முதுகில் 13 கிலோ. ஐந்து நாளுக்குப் பத்துச் சேலையா எடுத்துப் போனாய் என்று கேட்காதீர்கள். ஊறுகாய், மிலோ, சின்ன அரிசிப் பானை, மருந்துப் பை எல்லாம் இருந்தன. பயத்தை மூட்டை கட்டிச் சுமந்தேன் என்பதே உண்மை.

அங்கிருந்து நிலத்தடி ரயிலில் சாம் யோட் நிலையம். காவ் சான் சாலைக்கு அருகில் ஒரு தங்கும் விடுதியில் பெண்களுக்கு மட்டுமான பொது அறையில் ஒரு கட்டில் பதிவு செய்திருந்தேன். இரவுக்கு 350 பாட், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 46 ரிங்கிட். காவ் சான் என்றால் அரிசி என்று பொருள். 1892இல் அமைக்கப்பட்ட அந்தச் சாலை ஒரு காலத்தில் அரிசி வணிகத்துக்குப் பேர்பெற்றது. 1980களிலிருந்து முதுகுப்பைப் பயணிகளின் கூடாரமாகிவிட்டது.

நிலையத்தை விட்டு வெளியே வந்தேன். மழை கொட்டியது. கைத்தொலைபேசியில் இணையம் வேலை செய்யவில்லை. விடுதி முகவரியைத் தாளில் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தேன். வழியில் கேட்டவர்கள் தாளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். தெருப் பலகையில் பலவும் தாய் எழுத்து. 46 வயதில் நான் எழுதப் படிக்கத் தெரியாதவள் ஆகிவிட்டேன். 22 ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு அகரம் கற்பித்தவள் நான். எழுத்து தெரியாத பிள்ளை முதல் நாள் வகுப்பில் ஏன் அழுகிறது என்பது அந்த மழையில்தான் எனக்குப் புரிந்தது. ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்று நானும் அழுதேன். அடுத்த ரயிலில் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அது ஒரு சிறிய பலசரக்குக் கடை. உள்ளே கல்லாவில் என் மகள் வயதில் ஒரு பெண். அவளிடம் தாளை நீட்டினேன். அவள் தன் கைத்தொலைபேசியில் விடுதியின் பெயரைத் தேடி, அதே தாளின் பின்புறம் தாய் எழுத்தில் முகவரியை எழுதி, ஒரு வரைபடமும் போட்டுக் கொடுத்தாள். அடுத்த நான்கு நாளும் அந்தத் தாள்தான் எனக்குத் துணை. யாரிடம் நீட்டினாலும் வழி கிடைத்தது.

இரண்டாம் நாள்: ஏமாற்றம்

மறுநாள் காலை தெம்பு வந்தது. அரண்மனை பார்க்கப் புறப்பட்டேன். 1782இல் முதலாம் ராமா மன்னர் பாங்காக்கைத் தலைநகராக்கியபோது எழுப்பத் தொடங்கிய அரண்மனை அது. மதில் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். நேர்த்தியாக உடுத்திய ஒருவர், கழுத்தில் அட்டை தொங்க, சிரித்தபடி அருகில் வந்தார். நல்ல ஆங்கிலம். "இன்று பூசை நடக்கிறது, அரண்மனை ஒரு மணிக்குத்தான் திறக்கும். அதற்குள் வேறு கோயில்களைப் பாருங்கள்" என்றார். அவரே துக் துக் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, மூன்று இடங்களுக்கு 20 பாட் என்று பேசியும் கொடுத்தார். நல்ல மனிதர் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

முதலில் ஒரு சிறு கோயில். அங்கே தற்செயலாக இன்னொரு கனவான். பேச்சு வளர்ந்தது. அரசாங்கம் ஆண்டுக்கு ஒருமுறை ரத்தினக் கற்களை வரியில்லாமல் விற்கிறது, இன்றுதான் கடைசி நாள் என்றார். வண்டி அடுத்து எங்கே நின்றது என்பதை நான் சொல்லவே வேண்டாம். குளிரூட்டிய கடை, குளிர்பானம், பட்டு விரிப்பில் நீலக்கல் மோதிரம். மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று நினைத்து 4,800 பாட் கொடுத்தேன். அறுநூறு ரிங்கிட்டுக்கும் மேல். என் கணவரிடம் இதுவரை "ஏதோ கொஞ்சம் போச்சு" என்றுதான் சொல்லியிருந்தேன். இன்றைக்குத்தான் முழுத் தொகையும் அவருக்குத் தெரியும். (சிரிப்பொலி)

திரும்பி வந்து பார்த்தால் அரண்மனை வாசலில் ஆயிரம் பேர் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். அரண்மனை காலை எட்டரை மணிக்கே திறந்துவிட்டதாம். வெளியாள்களை நம்பாதீர்கள் என்று அங்கே எச்சரிக்கையும் செய்கிறார்கள். நான்தான் வாசல்வரைகூடப் போகாமல் பாதி வழியில் நின்றுவிட்டேன். ஊருக்கு வந்து பொற்கொல்லரிடம் காட்டியபோது, "டீச்சர், வெள்ளிக்கு மட்டும் விலை போடலாம்" என்றார்.

இந்த வித்தை பல ஆண்டுகளாக நடக்கிறது. எத்தனையோ நாட்டார் ஏமாந்திருக்கிறார்கள். ஆனால் அன்று இரவு அது எனக்கு ஆறுதலாக இல்லை. மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு, என் மகளுக்கு நான் சொன்னதுதான் சரி, வெளி ஊர் என்றாலே ஏமாற்றுதான், ஊருக்குப் போனதும் சபா வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று தீர்மானித்தேன்.

மூன்றாம் நாள்: தெளிவு

திரும்புவதற்கு முன் அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போவோம் என்று நினைத்தேன். சீலோம் சாலையில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. தாய் மக்கள் அதை வாட் கேக் என்கிறார்கள்.

சாவ் பிரயா ஆற்றில் படகில் போகலாம் என்று விடுதிப் பெண் சொன்னாள். படகுத்துறையில் நின்றேன். யாரும் என்னிடம் வரவில்லை. நானே போய், சீருடையில் இருந்த நடத்துநர் அம்மாவிடம் சாதோன் என்றேன். அவர் கையில் இருந்த சில்லறைக் குழாயைச் சடசடவென்று ஆட்டினார், சில பாட் வாங்கினார், சீட்டுக் கிழித்தார். இறங்க வேண்டிய துறை வந்ததும் கூட்டத்துக்கு அப்பாலிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தார். அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூடக் கூடுதலாகப் பேசவில்லை.

கோயில் வாசலில் அடுத்த வியப்பு. உள்ளே நம்மவர்களைவிடத் தாய் மக்கள் அதிகம். அலுவலக உடையில் இளம் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். பூசைத் தட்டு வாங்கக் கடைக்குப் போனேன். மாரியம்மனை நான் பிறந்தது முதல் கும்பிடுகிறேன். ஆனால் அங்கே எதை எங்கே வைப்பது, எந்த வரிசையில் போவது என்று தெரியாமல் விழித்தேன். கேட்டதும் பூக்கார அம்மா எழுந்து வந்து, தேங்காயையும் பழத்தையும் மாலையையும் தட்டில் ஒழுங்காக வைத்து, போகும் வழியைக் கைகாட்டிவிட்டுத் தன் கடைக்குத் திரும்பினார். என் அம்மனைக் கும்பிட ஒரு தாய்க்காரம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

வெளியே வந்து உட்கார்ந்து யோசித்தேன். மூன்று நாளில் மூன்று பேர் என்னை ஏமாற்றினார்கள். அரண்மனைக்காரர், கோயில் கனவான், வண்டிக்காரர். மூன்று பேர் எனக்கு உதவினார்கள். கடைப் பெண், படகு நடத்துநர், பூக்காரம்மா. ஆறு பேரும் அதே ஊர்க்காரர்கள்தான். அப்படியானால் ஊர் நல்லதா கெட்டதா என்று கேட்டுப் பயனில்லை. வேறுபாடு வேறிடத்தில் இருந்தது.

ஏமாற்றியவர்களில் இருவர் அவர்களாகவே என்னைத் தேடி வந்தவர்கள், மூன்றாமவர் அவர்கள் கைகாட்டிய ஆள். உதவிய மூவரும் நான் தேடிப்போய்க் கேட்டவர்கள். தேடி வருபவர் எல்லாரும் திருடர் என்று சொல்லமாட்டேன். ரயிலில் பக்கத்துக் கட்டில் பாட்டி தானாகவே எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். ஆனால் அவர் என்னை எங்கும் கூட்டிப் போகவில்லை. என் திட்டத்தை மாற்றவில்லை. சோதனை இதுதான்: தேடி வருபவர், நீங்கள் போக நினைத்த இடத்தை விட்டு உங்களை வேறு இடத்துக்கு நகர்த்துகிறாரா? நகர்த்தினால் புன்னகையோடு நன்றி சொல்லி நடந்துகொண்டே இருங்கள். கேள்வி இருந்தால் நீங்களே ஆளைத் தேர்ந்தெடுங்கள். வேலையில் இருப்பவர், கடைக்காரர், பிள்ளையோடு வரும் தாய் ஆகியோரிடம் கேளுங்கள்.

அன்று நான் ரயில் ஏறவில்லை. மேலும் இரண்டு நாள் இருந்தேன். படுத்திருக்கும் 46 மீட்டர் புத்தரை வாட் போவில் பார்த்தேன். 1784இல் நிறுவப்பட்ட பெரிய ஊஞ்சலின் சிவப்புத் தூண்களை முதல் நாள் மழையில் கவனிக்காமலேயே கடந்திருக்கிறேன். அருகிலுள்ள தேவஸ்தானத்தில் அரசவைப் பிராமணர்களின் சடங்கு ஒன்றில் நம் திருவெம்பாவையின் பெயர் திரியம்பாவாய் என்று இன்றும் வழங்குகிறது. பயந்து திரும்பியிருந்தால் இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்காது.

போக நினைப்பவர்களுக்கு

முதல் இரவுக்கு மட்டுமாவது இடம் பதிவு செய்யுங்கள். பகலில் போய்ச் சேரும்படி பாருங்கள். விடுதி முகவரியை உள்ளூர் எழுத்தில் வைத்திருங்கள். பணத்தை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். பை ஏழு கிலோவுக்கு மேல் வேண்டாம். சைவம் சாப்பிடுபவர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பில் 17 போலத் தெரியும் எழுத்தைத் தேடுங்கள். அதுதான் சைவத்தைக் குறிக்கும் 'ஜே'. தாய்லாந்துக்குப் போகிறவர்கள் 2025 மே 1 முதல் வருகைப் படிவத்தை முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டும். சுற்றுப்பயணிகள் காவல்துறையின் எண் 1155. ஏமாந்தால் வெட்கப்படாமல் அழையுங்கள். நான் வெட்கத்தில் அழைக்கவில்லை. அது நான் செய்த இன்னொரு தவறு.

என் மகள் இப்போது சபாவில் படிக்கிறாள். விமான நிலையத்தில் அவளுக்கு நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அந்த நீலக்கல் மோதிரத்தைக் கையில் கொடுத்தேன். "எவ்வளவும்மா?" என்று கேட்டாள். விலையைச் சொன்னேன், கதையையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அதை விரலில் போட்டுக்கொண்டாள். சென்ற மாதம் அழைத்தபோது, யாரோ ஒருவர் பகுதி நேர வேலை தருகிறேன், இப்போதே வா என்று அழைத்ததாகவும், மோதிரத்தைப் பார்த்துக்கொண்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாள்.

அந்த 4,800 பாட் நட்டமா இல்லையா என்பதை என் கணவரும் நீங்களுமே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.