திராட்சைத் தோட்டத்துக்கு விருந்தினர்
(மணிமுத்தாறு உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மணிமுத்தாறு அருவிக்குப் பயணிகள் பலர் வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் நம் வரப்பில் நின்று ஒரு சீப்புப் பழம் வாங்குகிறார்கள்?

மகாராஷ்டிரத்தில் நாசிக் அருகே சூலா நிறுவனம் 2005-இல் திராட்சைத் தோட்டத்திலேயே ஒயின் சுவைக்கும் கூடம் திறந்தது. வெளியூரார் அங்கே தங்கி, கொடிகளைப் பார்த்து, பல வகை ஒயினைச் சிறிது சிறிதாகச் சுவைத்துப் போகிறார்கள். அதற்குப் பெருமுதல் வேண்டும். அரசு உரிமமும் வேண்டும். சிறு உழவர்க்கு அது எட்டாது.

நமக்கேற்ற பாடம் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ளது. அங்கு பந்தலில் விளையும் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. இப்பழம் நெடுநாள் தாங்காது. விலை வீழ்ந்தாலும் விற்றே ஆகவேண்டும். ஆகவே, சாலையோரத் தோட்டத்தார் சிலர் வருவோருக்குப் பந்தலைக் காட்டிப் பழமும் சாறும் விற்கிறார்கள்.

இதைக் கேட்டு உடனே திராட்சை நட்டுவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இங்கு அடைமழை. பூக்கும்போது பெய்தால் அடிச்சாம்பல் நோய் தாக்கும். பழுக்கும்போது பெய்தால் பழம் வெடிக்கும். பந்தல் செலவும் அதிகம்.

வாழையோ கொய்யாவோ, இருப்பதைக் காட்டுங்கள். மருந்து தெளித்தால், சீட்டில் கண்ட காத்திருப்பு நாட்கள் முடியும்வரை எவரையும் பழம் பறித்துத் தின்ன விடாதீர்கள். விலையை எழுதி வையுங்கள். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுங்கள். சந்தையைக் கைவிடாமல், விளைச்சலில் ஒரு பங்கை மட்டும் முதலில் தோட்டத்தில் விற்றுப் பாருங்கள். வரவையும் செலவையும் குறித்து வைத்து, ஆதாயம் கண்டபின் விரிவுபடுத்துங்கள்.