மாலை ஐந்து மணிக்கு நம் பிள்ளை எங்கே?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, பெற்றோர்களே, தோட்டத்திலிருந்து வேலை முடிந்து நேரே வந்திருக்கும் தொழிலாள நண்பர்களே, அன்பு மாணவச் செல்வங்களே! 

இந்த மேசையைப் பாருங்கள். ஒரு பக்கம் கல்விக்கான பரிசுகள். இன்னொரு பக்கம் விளையாட்டுக்கான கிண்ணங்கள். புத்தகப் பரிசு வாங்கிய பிள்ளையைப் பெற்றோர் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கிறார்கள். ஓட்டத்தில் வென்ற பிள்ளை வந்தால், "சரி சரி, ஓடுனா சோறு கெடைக்குமா? போய்ப் படி!" என்கிறார்கள். அந்த இரண்டாவது பிள்ளைக்காகத்தான் இன்று நான் பேச வந்திருக்கிறேன்.

நம் தோட்ட வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். லயத்துக்கு ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு திடல். பள்ளிக்கூடத்துக்காவது சட்டம் இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனால் திடலை உயிரோடு வைத்திருந்தவர்கள் நம் ஆட்கள்தாம். இருட்டிலே பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, வாளி சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள், சாயங்காலம் வெறுங்காலோடு பந்து உதைத்தார்கள். பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் என்றால் லாரியில் ஏறிக் கூச்சலோடு போனார்கள்.

அதில் ஒரு பெரிய நன்மை இருந்தது. திடலுக்கு அந்தப் பக்கம் கள்ளுக்கடை. இந்தப் பக்கம் பந்து. சாயங்காலம் பையன் எந்தப் பக்கம் போகிறான் என்பதை லயமே பார்த்துக்கொண்டிருந்தது. "டேய், இன்னாரு மவன்தானே நீ? வாடா இங்க!" என்று கூப்பிட ஓர் ஆள் இருந்தார்.

இன்று தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. ஜொகூர் பாருவின் மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். இன்று வீடும் கடையும் வெளிச்சமும். ஸ்கூடாயில் ரினித் தோட்டம் முத்தியாரா ரினி ஆகிவிட்டது. தமிழ்ப்பள்ளி மட்டும் இன்னும் 'லாடாங் ரினி' என்று பழைய பெயரைச் சுமந்து நிற்கிறது. வீடு நன்றாயிருக்கிறது, தண்ணீர், மின்சாரம், கார், எல்லாம் உண்டு. நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கூப்பிடும் குரலை மட்டும் லயத்திலேயே விட்டுவிட்டு வந்தோம்.

அப்பா விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டாரை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போகிறார். திரும்பி வர இரவு எட்டோ ஒன்பதோ ஆகிறது. அம்மா பாசிர் கூடாங்கில் தொழிற்சாலையிலே ஷிப்டு வேலை. பள்ளி விட்டதிலிருந்து இரவு வரைக்கும் பிள்ளை யார் கையில்? ஒன்று கைப்பேசியின் கையில். அல்லது தெருமுனையில் நிற்பவர்களின் கையில்.

சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். குண்டர் கும்பல் நம் பையன்களை எப்படி இழுக்கிறது? முதலில் கத்தியைக் காட்டியா? இல்லை. அவனுக்கு ஒரு பேர் கொடுக்கிறது. ஒரு கூட்டம் கொடுக்கிறது. "அண்ணன் இருக்கேன்டா" என்று சொல்ல ஓர் ஆளைக் கொடுக்கிறது. ஐயா, அம்மா, ஒரு விளையாட்டு மன்றம் கொடுப்பதும் இதே மூன்றுதான்! முதுகிலே எண்ணோடு ஒரு பேர், பதினோரு பேர் கொண்ட ஒரு கூட்டம், பயிற்சி தர ஓர் அண்ணன். நாம் கொடுக்காவிட்டால் வேறு ஒருவன் கொடுப்பான். இதுதான் நம் முன் உள்ள கேள்வி.

"விளையாடினால் படிப்புக் கெடும்" என்பீர்கள். டாக்டர் எம். ஜெகதீசன் அவர்களைப் பாருங்கள். 1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றவர். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அவர் படைத்த தேசியச் சாதனை 2017 வரை, 49 ஆண்டுகள், அசையவில்லை. அவர் மருத்துவர். அதே பேங்காக்கில் 400 மீட்டரில் தங்கம் வென்றவர் பேராக் தாப்பாவைச் சேர்ந்த எம். ராஜமணி. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஓட்டம்?" என்று கேட்கும் தாய்மார்கள் இந்தப் பெயரை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கோல் காவலர் ஆர். ஆறுமுகம் நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்தவர். 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் நடந்து தங்கம் கொண்டுவந்தவர் ஜி. சரவணன்.

எல்லாப் பிள்ளையும் ஆறுமுகமாக முடியாது, தேவையும் இல்லை. மாணவர்களே, பரிசு கிடைக்காதவர்களே, உங்களுக்கு நம் லார்க்கின் அரங்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1997 நவம்பர் 16. ஜப்பானும் ஈரானும் மோதின. அதுவரை ஜப்பான் உலகக் கிண்ணப் போட்டியில் ஆடியதே இல்லை. கூடுதல் நேரத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார் ஒக்கானோ. கிடைத்த நல்ல வாய்ப்புகளைத் தவறவிட்டார். ஆனாலும் ஓடுவதை நிறுத்தவில்லை. ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது அவர் அடித்த கோல்தான் 3–2 என்று ஜப்பானை முதன்முதலாக உலகக் கிண்ணத்துக்கு அனுப்பியது. ஜப்பானியர் அதை இன்றும் 'ஜொகூர் பாருவின் மகிழ்ச்சி' என்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் தோற்றவன் அல்லன். அவன் முறை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, மன்றம் அமைப்பது எப்படி? பத்துப் பேர் பந்து உதைத்தால் அது மன்றம் ஆகாது. 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிய வேண்டும். சட்டவிதி, ஆண்டுக்கூட்டம், ஒழுங்கான கணக்கு, இவை வேண்டும். நம் மன்றங்கள் பல பந்தில் தோற்று மூடவில்லை. கணக்கில் தோற்றும், தலைவர் நாற்காலிக்குச் சண்டை போட்டும் மூடின.

இன்னொன்று. ஆண்டுக்கு ஒரு நாள் கூடாரம் போட்டு, பிரமுகரை அழைத்து, ஆளுயரக் கிண்ணம் கொடுப்பது போட்டி. அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் யாரும் படம் எடுக்க வராத செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மழை தூறும்போது, இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவர் விசில் ஊதுகிறாரே, அதுதான் மன்றம்.

தந்தையர்களே, "நேரம் இல்லை" என்பது நியாயம்தான். 2014 முதல் நம் மாநிலத்தில் வெள்ளி, சனி விடுமுறை. சிங்கப்பூரில் வேலை செய்பவருக்கு ஞாயிறு ஓய்வு. நீங்கள் வீட்டில் இருந்த நாளில் பிள்ளை பள்ளியில் இருந்தான். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஜொகூரிலும் சனி, ஞாயிறு விடுமுறை. பதினோராண்டுக்குப் பிறகு அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே ஞாயிறு கிடைத்திருக்கிறது. அதைத் தூங்கிக் கழித்துவிடாதீர்கள். பசியாறிவிட்டு இரண்டு மணி நேரம் திடலுக்கு வாருங்கள். கோடு போடுங்கள், தண்ணீர் தூக்குங்கள், போதும்.

ஓய்வுபெற்ற தோட்டத்துப் பெரியவர்களே, நீங்கள் ஓட வேண்டாம். திடல் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு இன்று ஆள் இல்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே திடலில் வியர்வை சிந்தியவர்கள் பின்னாளில் ஒரே தெருவில் பகைக்க மாட்டார்கள். பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்தோ பூப்பந்தோ, வாரத்தில் ஒரு நாளாவது திடல் அவர்களுடையதாக இருக்கட்டும்.

இன்று பரிசு பெறும் செல்வங்களே, வாழ்த்துகள். நாளை மாலை ஐந்து மணிக்கு, பாடம் முடித்துவிட்டு, காலணியைக் கட்டிக்கொண்டு வாருங்கள். பெற்றோர்களே, அவர்கள் எங்கே என்று யாராவது கேட்டால், "திடல்ல இருக்கான், திடல்ல இருக்கா" என்று நீங்கள் தெம்பாகச் சொல்லும்படி செய்வோம்.