நியமன ஆணையோடு நுழைவோம்

 

இவ்வெள்ளி விழாவில் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டோம். வேலைகள் பலவிருக்க, அரசு மருத்துவப் பணியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். காரணம் உண்டு. அரசு மருத்துவமனை நமக்குப் புதிய இடமன்று. அதன் தரையைப் பெருக்கியவர்களும், கழிவை அள்ளியவர்களும், பிணவறையில் நின்றவர்களும் நம் பாட்டன் பாட்டிமாரே. தலைமுறை தலைமுறையாக உள்ளே உழைத்தும், செவிலியர் மேசைக்கும் மருந்தகத்திற்கும் ஆய்வகத்திற்கும் நாம் வெளியாட்களாகவே இருந்தோம். அந்த வெளியாள் முன்வாசல் வழியாக நுழைவது எப்படி என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டியது.

"உள்ளே நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்று நம் தெருவில் கேட்கிறார்கள். இந்தக் கேள்விதான் தரகருக்கு முதலீடு. நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் திரும்பி வராத வீடுகளை நாம் அறிவோம். தோழர்களே, உள்ளே ஆள் இல்லாதவர்க்காகவே உருவானது இடஒதுக்கீடு. சென்னை மாகாணத்தில் 1928-இல் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி ஆணை, 12 இடங்களில் நமக்கு 1 இடம் தந்தது. 1947-இல் அது 14-க்கு 2 ஆயிற்று. தமிழ்நாட்டின் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு, பழங்குடியினர்க்கு 1 விழுக்காடு. அந்த 18-க்குள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009-இல் வந்தது.

எஞ்சிய 31 விழுக்காடு பொதுப் போட்டி. அது பிறர்க்கு ஒதுக்கப்பட்டதென்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. தகுதியால் பொதுப் போட்டியில் இடம் பெறுபவரை ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்க்கலாகாது என்பதை உச்சநீதிமன்றம் 1992-இல் இந்திரா சஹானி வழக்கில் தெளிவாக்கியது. 18 என்பது நமக்குத் தளமே அன்றிக் கூரையன்று.

இனி, வழியைச் சொல்வோம். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர் முதலிய பணிகளுக்கு, 2012-இல் தோன்றிய மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. எழுத்துத் தேர்வுள்ள பணிகளில் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு பெறாதவரின் முதன்மைத் தாள் கணக்கில் வாராது. வேறு சில பணிகளுக்கோ எழுத்துத் தேர்வே இல்லை. 10-ஆம் வகுப்பு, 12-ஆம் வகுப்பு, பட்டயப் படிப்பு ஆகியவற்றின் மதிப்பெண்களைக் கணக்கிட்டே தேர்வு நடக்கிறது. இதன் பொருள் என்ன? அந்த வேலைக்கான போட்டி 15 வயதிலேயே தொடங்கிவிடுகிறது என்பதாகும். படித்த வீட்டுப் பிள்ளைக்கு இதைத் தந்தை சொல்வார். நம் பிள்ளைக்குச் சங்கமே சொல்ல வேண்டும்.

சொல்லத் தவறினால் என்ன நேரும்? நம் மாணவி ஒருவர் செவிலியர் பட்டயம் பெற்றார், நல்ல மதிப்பெண். பதிவுக் கட்டணத்திற்குப் பணம் புரளாமல், செவிலியர் குழுமத்தில் பதிவு செய்வதைத் தள்ளிப்போட்டார். அறிவிக்கை வந்த பின்னரே பதிந்தார். அறிவிக்கை நாளன்று பதிவு இருந்திருக்க வேண்டும் என்பது விதி. விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அவர் அறியாமையை நாம் குறை கூறவில்லை. பட்டமளிப்பு நாளில் அவருக்குச் சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொண்ட நம்மில் ஒருவரும், "பதிவு செய்தாயா, அம்மா?" என்று கேட்கவில்லை. குறை நம்முடையது.

மற்றொன்று. கிடைக்கும் வேலை எத்தகையது என்று கேட்டறியுங்கள். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக வரும் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்தப் பணிகள். துப்புரவுப் பணியோ பல மருத்துவமனைகளில் தனியார் ஒப்பந்தத்திற்குப் போய்விட்டது. அங்கே அரசு நியமன ஆணையும் இல்லை, இனச்சுழற்சியும் இல்லை. 2015-இல் தேர்வெழுதி வென்ற செவிலியரே மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். காலமுறை ஊதியம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் போராடினர். பசிக்கு ஒப்பந்த வேலையை ஏற்பது குற்றமன்று. அதோடு நின்றுவிடுவதே இழப்பு.

ஆகவே மூன்று தீர்மானங்களை இவ்வவையின் முன் வைக்கிறோம். பட்டயம் பெறும் ஒவ்வொருவரின் பதிவுக் கட்டணத்தையும் சங்கம் கடனாக வழங்கட்டும். சாதிச் சான்றிதழ், தமிழ்வழிக் கல்விச் சான்றிதழ் ஆகியவற்றை அறிவிக்கைக்கு முன்பே பெற்று வைக்க ஞாயிறுதோறும் இங்கே உதவி நடக்கட்டும். வேலை பெற்றவர் ஒவ்வொருவரும் இரண்டு இளையோர்க்குப் பாடம் சொல்லட்டும்.

உள்ளே நமக்கு யார் இருக்கிறார்கள் என்று இனியொரு பிள்ளை கேட்குமானால், "நாங்கள் இருக்கிறோம், நீ படித்து வா" என்று சொல்லும் நிலை வர வேண்டும். துடைப்பத்தோடு நுழைந்த வாசலில் நியமன ஆணையோடு நுழைவோம்.