வாத்துத் தாயும் எட்டுக் குஞ்சுகளும்

(விழாவில் பாடசாலைச் சிறார்க்கும் பெற்றோர்க்கும் ஆற்றப்பெற்ற உரை)



திகம்பர மரபில் ஐந்தாம் தீர்த்தங்கரராகிய சுமதிநாத பகவானின் இலாஞ்சனம் சக்கரவாகப் பறவை. அது வாத்தினத்தைச் சார்ந்த நீர்ப்பறவை. காளையும் யானையும் சிங்கமும் நிற்கும் வரிசையில் குளத்துப் பறவை ஒன்றுக்கும் இடமளித்த சமயத்தார்க்கு, அமெரிக்க நாட்டில் பிறந்த ஒரு வாத்துக் கதை அயலாகத் தோன்றாது.

இராபர்ட் மெக்கிளாஸ்கி என்னும் ஓவியர் எழுதிப் படமும் வரைந்து 1941-இல் வெளிவந்த சிறுவர் நூல் 'மேக் வே ஃபார் டக்ளிங்ஸ்'. 'வாத்துக் குஞ்சுகளுக்கு வழிவிடுங்கள்' என்பது அதன் பொருள். படங்கள் அனைத்தும் ஒரே பழுப்பு வண்ணத்தில் அமைந்தவை. சிறந்த படநூல் ஓவியத்திற்குரிய கால்டிகாட் பதக்கம் 1942-இல் அதற்குக் கிடைத்தது.

பாஸ்டன் நகரில் ஒரு வாத்து இணை கூடு கட்ட இடம் தேடுகிறது. ஆண் வாத்து காட்டும் இடங்களையெல்லாம் பெண் வாத்து மறுக்கிறது. ஓரிடத்தில் நரி இருக்கும், ஓரிடத்தில் ஆமை இருக்கும் என்கிறது. நகரப் பூங்காவின் குளம் பிடித்திருந்தும், மிதிவண்டியில் விரைந்த சிறுவன் ஒருவன் மோத வந்ததனால் அதுவும் கைவிடப்படுகிறது. இறுதியில் சார்லஸ் ஆற்றின் தீவொன்றில் எட்டு முட்டைகள் இடப்பெறுகின்றன. குஞ்சுகள் பொரிந்தபின் தந்தை வாத்து ஆற்றைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டுவிடுகிறது. ஒரு வாரம் கழித்துப் பூங்காவில் சந்திப்பதாக வாக்களிக்கிறது. (அவ்வினத்து ஆண் பறவைகள் பெரும்பாலும் பெண் அடைகாக்கும் காலத்திலேயே பிரிந்துவிடும். ஆசிரியர் அதற்குச் சற்று நற்பெயர் தேடித் தந்திருக்கிறார்.)

அந்த ஒரு வாரமே நூலின் உயிர். தாய் குஞ்சுகளுக்கு நீந்தவும் மூழ்கவும் கற்பிக்கிறது. வரிசையாக நடக்கவும், அழைத்தவுடன் வரவும், சக்கரமுள்ள எதனினின்றும் விலகி நிற்கவும் பழக்குகிறது. தத்துவார்த்த சூத்திரம் உயிர்களை மனமுடையவை, மனமற்றவை என வகுக்கிறது. கற்பித்ததை ஏற்றுக்கொள்ளும் ஆற்றலே மனமுடைமையின் அடையாளம் என்று ஆசாரியர்கள் விளக்கினர். தொல்காப்பிய மரபியலும் விலங்குகளுள் ஒருசாரார்க்கு ஆறாம் அறிவு உண்டென ஒப்புகிறது. எட்டுக் குஞ்சுகளும் தாயின் பின்னே பிசகாமல் நடக்கும் படத்தைச் சிறுவர்க்குக் காட்டினால், 'சமனஸ்கர்' என்னும் சொல்லுக்கு வேறு உரை வேண்டியதில்லை.

ஆயினும் தாயின் பயிற்சி ஆற்றங்கரையோடு முடிந்துவிடுகிறது. பெருஞ்சாலையில் ஊர்திகள் ஒலியெழுப்பிக்கொண்டு விரைகின்றன. தாய் எவ்வளவு குரல் கொடுத்தும் ஒன்றும் நிற்கவில்லை. வாத்துகளுக்கு நிலக்கடலை இட்டுப் பழகிய மைக்கேல் என்னும் காவலர் ஓடிவந்து கையுயர்த்தி ஊர்திகளை நிறுத்துகிறார். தலைமை நிலையத்திற்கும் செய்தி சொல்லி, அடுத்த சாலையிலும் காவலர்களை நிற்கச் செய்கிறார். முனிவர்க்குரிய ஈர்யா சமிதி, நுகத்தடி அளவு நிலத்தை முன்னே நோக்கி, சிற்றுயிர்க்கும் ஊறு நேராமல் அடிவைக்கச் சொல்கிறது. இல்லறத்தார் இன்று நடப்பது குறைவு, ஊர்வதே மிகுதி. ஊர்தியின் வேகத்தில் அந்த நோக்கு எங்கே போயிற்று என்பது பெற்றோர் தம்முள் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

இந்நூல் உருவான விதம் முழுவதும் அறத்தோடு பொருந்துவதன்று. அதனைச் சிறுவரிடம் மறைக்கவும் வேண்டாம். பறவைகளை உள்ளபடி வரைய விரும்பிய மெக்கிளாஸ்கி சந்தையில் வாத்துகளை வாங்கி, நியூயார்க்கில் தாம் குடியிருந்த மாடி வீட்டில் வைத்துக்கொண்டார். குளியல் தொட்டியில் அவற்றை நீந்தவிட்டார். தரையில் அவற்றின் பின்னே தவழ்ந்து சென்று வரைந்தார். அவை ஓரிடத்தில் நில்லாமல் விரைந்தமையால், அசைவு தளரும்பொருட்டுச் சிவப்புத் திராட்சை மதுவையும் புகட்டினார். இதனை அவரே நகைச்சுவையாகச் சொன்னதுண்டு. கேட்போரும் சிரித்தே கடந்தனர். சமண இல்லறத்தார் சிரிக்க இயலாது. அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களில் முதலாவது பந்தம், அதாவது உயிரைக் கட்டி அடைத்து வைத்தல். அடித்தலும் உறுப்பறுத்தலும் மிகுபாரம் ஏற்றலும் ஊணும் நீரும் தடுத்தலும் அதன் பின்னரே வருகின்றன. தமக்கு விலக்கிய மதுவை வாயற்ற உயிருக்குப் புகட்டுவதோ எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. சந்தையினின்று வந்த அப்பறவைகளுக்கு வேறு என்ன கதி நேர்ந்திருக்கும் என்று வாதிடுவோர் உண்டு. கசாப்பினின்று ஓருயிர் தப்பியது நன்றே; அதனால் பந்தம் பந்தமன்று என்று ஆகிவிடாது.

இத்தகைய நூலை ஒதுக்கிவிட வேண்டுமா எனின், வேண்டியதில்லை. படத்தையும் காட்டி, அது வரையப்பட்ட கதையையும் சொல்லி, "அந்த வாத்துக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டால் போதும். விரதங்களின் பெயரை மனனம் செய்வதற்கு முன்னரே அக்கேள்விக்குக் குழந்தைகள் விடை சொல்லிவிடுவர்.

பாஸ்டன் பூங்காவில் 1987-இல் நான்சி ஷோன் என்னும் சிற்பி அத்தாயையும் எட்டுக் குஞ்சுகளையும் வெண்கலத்தில் வடித்து நிறுத்தினார். 1991-இல் அவற்றின் மறுவார்ப்பு அமெரிக்கச் சிறாரின் அன்பளிப்பாக மாஸ்கோ நகருக்குச் சென்றது. பாஸ்டனில் ஆண்டுதோறும் மே மாதத்து அன்னையர் நாளில் சிறுவர்கள் வாத்துக் குஞ்சு வேடமணிந்து வரிசையாக நடக்கின்றனர். அவ்வேளையில் ஊர்திகள் காத்து நிற்கின்றன.